பச்சைத் துண்டு போட்ட மாமா

வேல்விழி என்கிற பெயரை முனியம்மாள் முதன்முதலாகக் கேட்டது ஒரு தட்டுச் சோற்றுக்கு முன்னால். மகன் சக்திகுமார் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்த புதிது. சாப்பிட உட்கார்ந்தவன் குழம்பைப் பிசைந்துகொண்டே, "எங்க லைன்ல வேல்விழின்னு ஒரு பொண்ணு கீது" என்றான். அப்பளத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டான்.

"வேல்விழியா? பேரே குத்துற மாதிரி கீதே" என்றாள் முனியம்மாள். பையன் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. யார் மகள், எந்த ஊர் என்று மறுநாளே விசாரிக்க ஆரம்பித்தாள். அதில் அவளை யாராலும் மிஞ்ச முடியாது. படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள், அவள் நாத்தனாருக்கு யார் மாமியார் என்று மூச்சு விடாமல் சொல்வாள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் ஒரு கல்யாணத்துக்குப் போனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று அவளைத்தான் கேட்பார்கள்.

பெண்ணின் அப்பா சுப்பன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்து, அது கம்பெனிக்குப் போய், பிறகு அதே கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் வேல்விழி, இளையவள் பூமாரி. அவர்களுடைய அம்மாவுக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை யாரும் கிடையாது. மாமன் இல்லாத வீடு. முனியம்மாள் இதைக் கேட்டு வைத்துக்கொண்டாள். நல்லது கெட்டதுக்குத் தாய்மாமன் வந்து நிற்காத வீட்டில் ஒவ்வொரு சடங்கிலும் ஒரு ஆள் குறையுமே என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று ஒரு வேடிக்கை நடந்தது. மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்ற பூமாரி, "மாமா, தண்ணி வேணுமா? மாமா, மால சாயுது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளையைத்தான் சொல்கிறாளாக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சக்திகுமாரும் அப்படித்தான் நினைத்து, தண்ணீருக்குக் கையை நீட்டினான்.

"ஐய, உன்ன இல்ல. எங்க மாமாவ" என்று அக்காவின் வாயில் டம்ளரை வைத்தாள் அந்தக் குட்டி.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. முனியம்மாளுக்கு அது என்ன முறை என்று புரியவில்லை. அக்காவை மாமா என்று கூப்பிடுகிற முறை அவளுக்குத் தெரிந்து எந்தச் சாதிசனத்திலும் இல்லை. பிறகு பெண்ணின் அம்மாதான் சொன்னாள். பூமாரிக்குக் காது குத்த மாமன் மடி இல்லை. பங்காளி வீட்டில் ஒரு பையனை உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவனும் சமயத்தில் கோபித்துக்கொண்டு வரவில்லை. ஆசாரி ஊசியைச் சூடு காட்டிக்கொண்டு, "மாமன் எங்கம்மா, மாமனைக் கூப்புடு" என்று அவசரப்படுத்தினார். பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது பாவாடை கட்டின வேல்விழி, அப்பா தோளில் கிடந்த பச்சைத் துண்டை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு மணையில் உட்கார்ந்து, "நான் தான் மாமன். குடுங்க என் மருமவள" என்றாளாம். மொட்டைத் தலைக் குழந்தையை அவள் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். குழந்தை வலியில் அவள் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னமும் இருக்கிறது. அன்றிலிருந்து பூமாரிக்கு அக்கா கிடையாது, மாமாதான்.

முனியம்மாளுக்கு மருமகளைப் பிடித்துப்போனது அந்தக் கதையைக் கேட்டபிறகுதான்.

ஆனால் அந்தக் குட்டி ரொம்ப நாள் வீட்டில் நிலைக்கவில்லை. பூமாரியும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் அதே பஸ்ஸில் வந்தான். சுப்பன் வேண்டாம் என்றார். கான்ட்ராக்ட் முடிந்த மாதம் இரண்டு பேரும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். "இனிமே அந்தப் பேர இந்த வூட்ல யாரும் எடுக்கக்கூடாது" என்றார் சுப்பன். ஒருநாள் வேல்விழி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. எடுத்தால் தங்கை குரல். எதிரில் அப்பா. வேல்விழி, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வாசலுக்கு வந்து திரும்ப அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. சில நாளில் அந்த நம்பரே இல்லை என்று வந்தது.

அப்புறம் சுப்பன் போய்ச் சேர்ந்தார். சொல்லி அனுப்ப விலாசம் இல்லை. இளைய மகள் இல்லாமலேயே எடுத்தார்கள்.

வேல்விழிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காது குத்தும்போது மறுபடியும் அதே கேள்வி. மாமன் எங்கே? தூரத்து உறவில் ஒரு பையன் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நல்லபடியாகத்தான் உட்கார்ந்தான். ஒரு குறையும் இல்லை. ஆனால் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேல்விழியைக் காணோம். முனியம்மாள் தேடிப்போய்ப் பார்த்தால், பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"மணைல உக்கார வேண்டியது பூமாரி தானே அத்தை" என்றாள்.

முனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான்.

வேல்விழிக்கு எழுதுகிற பழக்கம் எப்போது வந்தது என்று முனியம்மாளுக்குத் தெரியாது. லைனுக்குள் போனைக் கொண்டுபோகக்கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் பலகையில் ஒயரைப் பதித்து டேப் சுற்றிக்கொண்டே மனசுக்குள் எழுதுவாளாம். ஷிஃப்ட் முடிந்து போன் கைக்கு வந்ததும் பஸ்ஸில் உட்கார்ந்து கடகடவென்று அடிப்பாள். வீட்டுக்கு வந்து, "அத்தை, இதக் கேளுங்க" என்று படித்துக் காட்டுவாள். முனியம்மாள் மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டே கேட்பாள். நன்றாக இருந்தால் கிரைண்டரை நிறுத்துவாள். அதுதான் கணக்கு. கிரைண்டர் நின்றால் வேல்விழி அதை ஃபேஸ்புக்கில் போடுவாள். பஸ் டிரைவரைப் பற்றி எழுதினாள், கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதினாள். கூட வேலை செய்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவ்வளவுதான் அதன் ஊர்.

காது குத்தி முடிந்த கொஞ்ச நாளில் ஒன்றைப் படித்துக் காட்டினாள். 'மாமன் மடி' என்று பெயர். ஆசாரி, மணை, துண்டு, கடிபட்ட விரல், எல்லாம் இருந்தது. கடைசி வரி இப்படி முடிந்தது: 'என் மடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எங்கே இருக்கிறாய்?'

கிரைண்டர் எப்போதோ நின்றிருந்தது.

"உன்ன மாமான்னு கூப்புடுவாளே, அத ஏன் எழுதல?" என்று கேட்டாள் முனியம்மாள்.

"அது எங்களுக்குள்ள அத்தை. ஊருக்கு எதுக்கு? என் பேரு மேல கீது. அவ கண்ணுல பட்டா போதும், தெரிஞ்சிக்குவா."

ஆக, அது கதை இல்லை. கூப்பிடுகிற குரல். முனியம்மாளுக்கு அது அன்றைக்கே தெரிந்தது.

கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில்தான் முனியம்மாளின் இட்லிக் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு குண்டான், மேலே ஒரு தார்ப்பாய். முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் நின்றுகொண்டே தின்றுவிட்டு ஏறுவார்கள். மே மாதம், அன்னையர் தினத்துக்கு மறுநாள் காலை. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, சட்னி காரமா?"

"இல்ல ஆயா, ஒரு அம்மா கதை. எல்லாரும் அனுப்புறாங்க. மாமன் வராத பொண்ணுக்கு அம்மாவே மாமனா உக்காந்து காது குத்துது. கேளேன்" என்று படிக்க ஆரம்பித்தாள்.

முனியம்மாளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஆசாரி, மணை, துண்டு, கடிபட்ட விரல். வரிக்கு வரி மருமகளுடையது. அக்கா இருந்த இடத்தில் எல்லாம் அம்மா. மேலே வேல்விழியின் பெயர் இல்லை. ஏதோ 'அன்பின் சிறகுகள்' என்று ஒரு பக்கத்தின் பெயரும், ரோஜாப்பூ சுற்றின படமும் இருந்தன.

"ஏம்மா, பெத்தவ எப்புடிம்மா மாமன் மடில உக்காருவா? அவ எதிர்ல இல்ல நிக்கணும்? இது எவன் எழுதுனான்?"

"யாரோ. கதைக்கு கால் உண்டா கை உண்டா ஆயா. நல்லா கீது, விடு."

அந்த வாரம் வேல்விழி பட்ட பாடு கொஞ்சம் இல்லை. லைனில் ஒருத்தி, "உன் கதைய விட இது சூப்பரா கீதே. நீ அதப் பார்த்து அக்கான்னு மாத்திக்கினியா?" என்று கேட்டுவிட்டாள். வேல்விழியின் பதிவைப் பார்த்தவர்கள் கையளவு. அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். எது முதலில் வந்தது என்று யார் பார்க்கிறார்கள்? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"திருடுனது கூட போவட்டும் அத்தை. என் பேர வெட்டிட்டான். அக்காவையும் வெட்டிட்டான். இனி அவ இதப் படிச்சாலும் யாரோ ஒரு அம்மான்னு தானே நெனப்பா? நான் கூப்புட்டது எப்புடி கேக்கும்?"

சக்திகுமார் அவனைத் தேடிப் பிடித்து உதைக்கிறேன் என்று கிளம்பினான். எங்கே என்று தேடுவான்? அவனைத் தடுத்தது சுபஸ்ரீ. வேல்விழியின் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண். டிப்ளமோ படித்தவள், வேல்விழியை அக்கா என்று சுற்றிச் சுற்றி வருவாள். "அடிதடி வேணாம் அண்ணா. காப்பிரைட்டுன்னு ஒண்ணு இருக்கு. அக்கா எழுதுனா அது அக்காவோடது. ஃபேஸ்புக்குக்கே புகார் எழுதலாம்" என்றாள்.

இட்லிக் குண்டானுக்குப் பக்கத்தில் நின்றே எழுதினார்கள். முதலில் போட்டது நான், இதோ என் பதிவு, இதோ அவன் பதிவு என்று சுபஸ்ரீ இரண்டையும் படம் பிடித்து இணைத்தாள். வேல்விழி அந்தப் பக்கத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் பெயரும் மெயில் விலாசமும் அந்த ஆளுக்குத் தெரிவிக்கப்படும், சம்மதமா என்று ஃபேஸ்புக் கேட்டது. "தெரியட்டும். நல்லா தெரியட்டும்" என்றாள் வேல்விழி.

அந்த வாரம் முடிவதற்குள் பதிவைத் தூக்கிவிட்டார்கள். பின்னாலேயே ஒரு மெயில் வந்தது. 'அக்கா, என் பெயர் பிரவீன். உங்களோடதுன்னு தெரியாது. வாட்சப்ல வந்துச்சு. இன்னொரு புகார் வந்தா என் பேஜே போயிடும். வாபஸ் வாங்குங்க அக்கா ப்ளீஸ்.' கீழே போன் நம்பர். வேல்விழி அதைப் படித்துவிட்டு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். வாபஸும் கிடையாது ஒன்றும் கிடையாது என்றாள். முனியம்மாளுக்கும் சந்தோஷம்தான். மறுநாள் காலை சுபஸ்ரீக்கு இட்லிக்கு மேல் ஒரு வடையும் வைத்தாள்.

வடையைக் கடித்துக்கொண்டேதான் சுபஸ்ரீ அதைச் சொன்னாள்.

"அதுல கமெண்ட்டு எல்லாம் செம காமெடி ஆயா. ஒரு பைத்தியம், இது அம்மா இல்ல அக்காதான், மாத்துங்கன்னு சண்ட போட்டுகினு இருந்துச்சு. நம்ம அக்கா பதிவப் படிச்சிருக்கும் போல. ஆனா கடைசில, எங்க மாமாவுக்கு தெரிஞ்சா கோச்சிக்கும்னு போட்ருந்துச்சு. எந்த மாமாவோ!"

முனியம்மாள் குண்டான் மூடியைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

"எங்க மாமாவுக்கு..."

"யாரு போட்டது? பேரு இன்னா?"

"பேரு ஞாபகம் இல்ல ஆயா. ஏதோ கிளி படம் வச்சிருந்துச்சு. நான் பதிவ மட்டும்தான் படம் புடிச்சேன். கமெண்ட்ட எடுக்கல. ஏன், இன்னா ஆச்சு?"

பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏறப் போன வேல்விழியை முனியம்மாள் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். விஷயத்தைச் சொன்னாள். வேல்விழி முதலில் சிரித்தாள். பிறகு பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். 'மாமா' என்கிற சொல் அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. அதை எழுத ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

அந்த ஆள் எழுதினது பதிவோடு சேர்ந்து போய்விட்டது. தூக்கச் சொன்னது வேல்விழிதான்.

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. பிரவீனுக்குப் போன் போட்டாள். தன் பக்கத்தில் அந்தப் பதிவு தனக்கே தெரியவில்லை என்றான் அவன். சுபஸ்ரீ இடைவேளையில் வாசலுக்கு வந்து போன் வாங்கிப் பேசினாள். "ஒரே வழிதான்க்கா. நீங்க குடுத்த புகார நீங்களே வாபஸ் வாங்கணும். அப்ப பதிவு திரும்ப வரும். கமெண்ட்டும் கூடவே வரும்."

வேல்விழி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாபஸ் வாங்குனா, அது அவன்துன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆயிடாதா அத்தை? லைன்ல அந்தப் பொண்ணு திரும்ப சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எழுதுனது நீ. அது எங்கயும் போவாது. போனது உன் தங்கச்சி தான். எழுந்திரு, புடவ மாத்து" என்றாள் முனியம்மாள்.

மாமியாரும் மருமகளும் ஷேர் ஆட்டோவில், பிரவீன் விலாசம் சொன்ன சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்குப் போனார்கள். ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் போன் கவரும் சார்ஜரும் தொங்குகிற ஒரு சின்னக் கடை. உள்ளே ஒல்லியாக ஒரு பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. இரண்டு பெண்கள் நேராக வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டான்.

"அக்கா, சத்தியமா தெரியாது அக்கா. ஃபார்வர்டுல வந்துச்சு. பேரே இல்ல. டிசைன் தான் என்னுது. ரோஜாப்பூ நான் வச்சது."

"பூ நீயே வச்சிக்கோ" என்றாள் முனியம்மாள். அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அக்காவ ஏன்டா அம்மாவா ஆக்குன?"

"அன்னையர் தினம் ஆயா. அம்மான்னா தான் லைக் வரும்."

"உனக்குக் காது குத்துனாங்களா?"

"ம்."

"யார் மடில உக்காந்த?"

"எங்க மாமா மடில."

"உங்க அம்மா எங்க இருந்தா?"

"எதிர்ல நின்னு அழுதுகினு இருந்தாங்களாம்."

"அப்புறம் எப்புடிடா பெத்தவளத் தூக்கி மணைல உக்கார வச்ச? உனக்கே கூச்சமா இல்ல?"

பையன் தலையைச் சொறிந்தான். அவனுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. முனியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

வேல்விழி சிரிக்கவில்லை. "நான் வாபஸ் வாங்கறேன் தம்பி" என்றாள். பையன் நம்பாமல் பார்த்தான். "ஆனா பதிவு வந்ததும் நான் சொல்றபடி மாத்தணும். அம்மாவ எடுத்துட்டு அக்கான்னு போடு. மேல என் பேர போடு. அப்புறம், கமெண்ட்டுல ஒண்ணக்கூட அழிக்கக்கூடாது. ஒண்ணக்கூட."

"பேரு எப்புடி அக்கா போடணும்?"

வேல்விழி கொஞ்சம் யோசித்தாள். கம்பெனியில் அவள் வேல்விழி சக்திகுமார். ரேஷன் கார்டிலும் அப்படித்தான். "எழுதியவர், சுப்பன் மகள் வேல்விழின்னு போடு" என்றாள். எந்த மனுஷர் பூமாரியின் பேரை எடுக்கக்கூடாது என்றாரோ, அவருடைய பெயரைப் போட்டே அவளைக் கூப்பிடுகிறாள். முனியம்மாள் தெருப் பக்கம் திரும்பி ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து வாபஸ் எழுதினார்கள். எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று பிரவீன்தான் காட்டிக் கொடுத்தான். தன் மேல் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறத் தானே வழி காட்டுகிற பையனைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கிளம்பும்போது முனியம்மாளுக்கு ஒரு போன் கவர் எடுத்து நீட்டினான். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதற்கு அந்தக் கவர் ஆகாது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

பதிவு உடனே வரவில்லை. அந்த நாட்களில் வேல்விழி பஸ்ஸில் எதையும் எழுதவில்லை. போனையே பார்த்துக்கொண்டு வருவாள். வீட்டில் கிரைண்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முனியம்மாள் எதையும் கேட்கமாட்டாள். சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் கூடப் போடுவாள்.

ஒருநாள் சாயந்தரம் பிரவீனே போன் செய்தான். "வந்துடுச்சு அக்கா. பேரு போட்டுட்டேன். அக்காவா மாத்திட்டேன். கிளி படம் வச்ச ஐடி கீழ கீது, பாருங்க."

வேல்விழி போனை நீட்டினாள். சக்திகுமார் போனை வாங்கித் தள்ளித் தள்ளி, கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தான்.

'தப்பா போட்ருக்கீங்க. அம்மா இல்ல, அக்கா. பச்சத் துண்டு போட்டுகினு எங்க அக்கா தான் உக்காந்துச்சு. அந்தக் கொழந்த நான் தான். மாத்துங்க. எங்க மாமாவுக்குத் தெரிஞ்சா கோச்சிக்கும்.'

அதற்குக் கீழே யார் யாரோ சிரித்து வைத்திருந்தார்கள். எந்த மாமாம்மா, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா என்றெல்லாம். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

கதையில் வேல்விழி துண்டு என்று எழுதியிருந்தாளே தவிர, பச்சை என்று எழுதவில்லை.

"அம்மான்னு மாத்துனதால தான் கோவம் வந்து எழுதியிருக்கா" என்றான் சக்திகுமார். "சரியா இருந்திருந்தா படிச்சிட்டு அழுதுட்டு போயிருப்பா."

வேல்விழி போனைத் திரும்ப வாங்கினாள். பதில் அடிக்க உட்கார்ந்தாள். அடித்தாள், அழித்தாள். எவ்வளவோ எழுதத் தெரிந்தவளுக்கு அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. மன்னிச்சிடு என்று ஆரம்பித்தாள், அதையும் அழித்தாள். கடைசியில் இவ்வளவுதான் போட்டாள்: 'மாமாவுக்குத் தெரிஞ்சிடுச்சு. கோச்சிக்கல. நம்பர் குடு.'

மறுநாள் இட்லி ஆவி அடித்துக்கொண்டிருக்கும்போது வேல்விழியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். ஒரு குரல் கேட்டது.

"ராங் நம்பரா மாமா?"

வேல்விழி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். கண்ணீர் தாடை வழியாக இறங்கிச் சீருடைச் சட்டையில் விழுந்தது. முனியம்மாள் மாவுக் கையோடு போனை வாங்கி, "ஏன்டி பொண்ணே, சாப்டியா? அவ அழுவறா. அழுது முடிச்சதும் பேசுவா. இரு, வச்சிடாத" என்றாள்.

அப்புறம் பேசினார்கள். பஸ் வந்தது, போயிற்று. அடுத்த பஸ்ஸும் போயிற்று. பூமாரி ஓசூரில் இருக்கிறாள். வீட்டுக்காரனும் அவளும் ஒரு கம்பெனியில்தான் வேலை. ஃபேஸ்புக்கில் கிளிப்படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் இருந்தாள். அந்தக் கதை வந்தபோது அக்காதான் எழுதியிருக்க வேண்டும் என்று பட்டது. ஆனால் பெயர் இல்லை, அம்மா என்று வேறு இருக்கிறது, யாரோ கேட்டு எழுதியிருப்பார்களோ என்று பயந்து, சண்டை போடுகிற மாதிரி ஒரு கமெண்ட் போட்டுப் பார்த்தாளாம்.

"போட்ட கொஞ்ச நாள்ல பதிவையே காணோம். நீ பார்த்துட்டு தான் தூக்கச் சொல்லிட்டன்னு நெனச்சேன் மாமா. இன்னொரு தபா ராங் நம்பர்னு சொல்லிட்ட போலன்னு நெனச்சேன்."

வாபஸ் வாங்காமல் இருந்திருந்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கும்.

அப்பா போனதை வேல்விழி சொன்னாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் அழுகை. பிறகு பூமாரியே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பேச்சுக்கு வந்தாள். அவளுக்கும் ஒரு பெண் குழந்தை. மொட்டை போட்டாகிவிட்டது. காது மட்டும் இன்னும் குத்தவில்லை.

"ஏன்டி, இவ்ளோ நாளா?"

"மாமன் யாரு கீறாங்க எங்களுக்கு? அவர் வூட்ல கேட்டுகினே கீறாங்க. நான் தான் இரு இருன்னு தள்ளிகினு வரேன்."

அம்மா என்று மாற்றின அந்தக் கதை இன்னமும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பிரவீன் ஒரு இடத்தில் திருத்தினான். மற்றவர்கள் திருத்தவில்லை. பஸ் ஸ்டாப்பில் யாராவது அதைப் படித்துக் கண் கலங்கினால் முனியம்மாள் விடுவதில்லை. "அது அம்மா இல்லம்மா, அக்கா. எங்க வூட்டுப் பொண்ணு எழுதுனது. பேரு வேல்விழி" என்று சொல்லிவிட்டுத்தான் சட்னி ஊற்றுவாள். சில பேர் நம்புவார்கள், சில பேர் இட்லியைப் பார்ப்பார்கள். வேல்விழி இப்போது புகார் கொடுப்பதில்லை என்று நினைக்க வேண்டாம். கொடுக்கிறாள். கொடுப்பதற்கு முன் கீழே இருக்கிற கமெண்ட் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்துவிட்டுக் கொடுக்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை காதுகுத்துச் சீர்த்தட்டுக்கு வேண்டியதெல்லாம் ஸ்ரீபெரும்புதூரில் வாங்கினார்கள். பட்டுப் பாவாடை, தேங்காய், வாழைப்பழம், சின்னதாக ஒரு தங்கக் கம்மல். பச்சைத் துண்டுக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். சுப்பனின் துண்டு மாதிரி அழுத்தமான பச்சை கிடைக்கவில்லை. கிடைத்த பச்சையை முனியம்மாள் துவைத்து, மடித்து, பையின் மேலாக வைத்தாள்.

வேல்விழி இப்போது ஓசூரில், தங்கை வீட்டில் இருக்கிறாள். திங்கட்கிழமை முதல் ஷிஃப்டுக்கு ஒரகடம் திரும்பிவிடுவாள்.